பசியறியாப் பூனையும் பசித்திருக்கும் அயலாரும்

நூல்களையும் நாடகங்களையும் திறனாய்ந்து பழகிய இலக்கிய இதழொன்றில், சிறுவர் தம் கைப்பேசியில் ஆடும் விளையாட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு படைப்பைத் திறனாய்வுக்கு உரியதாக்குவது அதன் பெருமை மட்டுமன்று. மனித உள்ளத்தின்மீது அது செலுத்தும் ஆற்றலும் ஆகும். கதைநூல் ஒன்றையேனும் முழுமையாகப் படித்து முடிக்காத சிறுவர் நம் பங்குகளில் பலர் உளர். ஆனால் கண்ணாடித் திரைக்குள் வாழும் பூனைக்குட்டியொன்றுக்கு உணவூட்டிக் குளிப்பாட்டி உறங்கவைத்து மகிழாத சிறுவர் மிகச் சிலரே. அவர்தம் உள்ளத்தில் அன்பு, பொறுப்பு, உறவு ஆகிய சொற்களுக்குப் பொருள் கற்பிக்கும் ஆசான்களுள் ஒன்றாக இவ்விளையாட்டு அமர்ந்துவிட்டது. அவ்வாசான் என்ன கற்பிக்கிறான் என்று கேட்பது திறனாய்வாளனின் கடமை. இறைமக்களின் மேய்ப்பனுக்கோ அது இருமடங்கு கடமையாகும்.

பிறப்பும் வளர்ச்சியும்

இவ்வகை விளையாட்டுகளின் மூதாதை, 1996 நவம்பர் 23 அன்று ஜப்பானின் பண்டாய் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 'தமகோச்சி' எனும் சிறு பொம்மையாகும். முட்டை வடிவான அக்கருவியின் திரையில், புள்ளிகளால் ஆன ஓர் உயிர் முட்டையினின்று வெளிவரும். பசித்தால் அது ஒலியெழுப்பும்; பொத்தானை அழுத்தி உணவளிக்க வேண்டும். கழிவை அகற்ற வேண்டும். நோயுற்றால் மருந்து தர வேண்டும். கவனியாது விட்டாலோ அது இறந்துபோகும். 1997இல் இது உலகெங்கும் பரவியபோது, வகுப்பறைக்குள் இடையறாது ஒலித்த இப்பசிக் குரலைத் தாங்காது பல நாடுகளில் பள்ளிகள் அதற்குத் தடை விதித்தன. அவ்வாண்டே, நகைச்சுவை உணர்வோடு வழங்கப்படும் 'இக் நோபல்' பரிசு, பொருளியல் பிரிவில் இதன் படைப்பாளர்களான அகிஹிரோ யோகோய், அகி மைதா ஆகியோருக்கு அளிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மனித உழைப்பு நேரத்தை இல்லாத உயிர்களின் வளர்ப்புக்குத் திருப்பிவிட்ட 'சாதனை'க்காக அப்பரிசு! அந்நகைப்பினுள் ஓர் எச்சரிக்கையும் இருந்தது என்பதை இன்று உணர்கிறோம்.

கைப்பேசி பரவிய பின்னர் தனிக்கருவிக்குத் தேவை இல்லாது போயிற்று. 2012இல் 'பௌ' என்னும் பழுப்பு நிற உருவம் வந்தது. சுலோவீனியாவில் தோன்றிய அவுட்ஃபிட்7 நிறுவனம், நாம் பேசுவதைக் கீச்சுக் குரலில் திருப்பிச் சொல்லும் 'டாக்கிங் டாம்' பூனையை 2010இல் வெளியிட்டது. அதைக் குட்டியிலிருந்து வளர்த்து ஆளாக்கும் 'மை டாக்கிங் டாம்' 2013இல் வெளிவந்தது. இதற்கிடையே 'ஹைப்பர் கேஷுவல்' எனப்படும் ஒரு விளையாட்டு வகையும் பெருகிற்று. கற்க வேண்டியது எதுவுமில்லை. ஒரு விரல் போதும். பேருந்துக்குக் காத்திருக்கும் இரண்டு நிமிடங்களே போதும். விலை கிடையாது, விளம்பரங்களே வருவாய். இவ்வெளிமையும் செல்லப்பிராணி வளர்ப்பும் தம்முள் கலந்து, இன்று நாய், பூனை, குழந்தை, தோழி என எண்ணற்ற 'துணை'களாய் உருவெடுத்து நிற்கின்றன.

ஈர்ப்பின் வேர்

இவற்றை வீண்பொழுதென ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையான திறனாய்வாகாது. மக்களை இவ்வளவு ஈர்க்கும் ஒன்றில் மனித இயல்பைத் தொடும் உண்மை ஏதேனும் இருந்தே தீரும்.

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். மனிதன் தனிமையாய் இருத்தல் நன்றன்று எனக் கண்ட இறைவன், முதலில் விலங்குகளையும் பறவைகளையும் அவனிடம் கொணர்கிறார். அவன் ஒவ்வொன்றுக்கும் பெயரிடுகிறான். பெயரிடுதல் என்பது உறவின் முதல் செயல். கைப்பேசி விளையாட்டும் முதற்கண் நம்மிடம் கேட்பது, 'இக்குட்டிக்கு என்ன பெயர் வைப்பாய்?' என்பதையே பெரும்பாலும். ஆதாமின் மக்களாகிய நமக்கு, நம்மை நம்பி வாழும் ஓர் உயிருக்குப் பெயரிட்டுப் பேணும் வேட்கை படைப்பிலேயே ஊன்றப்பட்டுள்ளது. தாவீது அரசனின் பாவத்தை இடித்துரைக்க வந்த இறைவாக்கினர் நாத்தான், ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய உவமையைத்தானே தெரிந்தெடுத்தார்? அவன் உணவில் உண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் உறங்கி, மகளைப் போல் இருந்த குட்டி அது. விலங்கின்மீது கொண்ட அன்பைத் திருவிவிலியம் எள்ளி நகையாடவில்லை. ஓர் அரசனின் மனச்சான்றைத் தட்டியெழுப்பும் கருவியாகவே அதைக் கையாள்கிறது.

எனவே திரைப்பூனைக்கு ஊட்டும் சிறுமியிடம் இருப்பது மெய்யான பசி. தான் ஒருவருக்குத் தேவைப்பட வேண்டும் என்னும் பசி அது. தேர்வு மதிப்பெண்ணை மட்டுமே வினவும் வீட்டில், அவள் வந்ததும் துள்ளி மகிழும் முகம் அது ஒன்றே எனில், அதனை நாடுவது அவள் குற்றமா? பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் தனித்திருக்கும் முதியவர் ஒருவர், காலையில் 'எழுந்துவிட்டாயா?' என்று கேட்க ஒரு திரையைத் தேடுவாராயின், அவரை நகைப்பதற்கு நமக்கு என்ன தகுதி?

சிறுசோறும் மரப்பாச்சியும்

'இல்லாத ஒன்றை இருப்பதாகப் பாவித்தல் பொய்யன்றோ?' எனச் சிலர் கேட்பர். பாவனையே குறையெனில் நம் இலக்கியம் முழுவதும் குறையாகிவிடும். மணலில் வீடு கட்டி மணற்சோறு சமைக்கும் சிறுமியரின் விளையாட்டைச் சிற்றில் என்றும் சிறுசோறு என்றும் நம் புலவர் போற்றினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவமாகவே அமைந்தது. மரப்பாச்சிக்குச் சேலை உடுத்தித் தாலாட்டிய பாட்டிமாரை யாரும் பொய்யர் என்றதில்லை. குழந்தை பாவனையின் வழியாகவே பண்பைப் பயில்கிறது.

ஆனால் ஈண்டு இரண்டு வேறுபாடுகளை உற்றுநோக்க வேண்டும். முதலாவது, மரப்பாச்சி பேசாது. அதன் அழுகையையும் சிரிப்பையும் குழந்தையே படைக்க வேண்டும். பிறர் உள்ளத்தில் புகுந்து உணரும் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. திரைப்பூனையோ எப்போது அழ வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்பதைத் தானே வைத்திருக்கிறது. குழந்தை செய்ய வேண்டியது தொடுதல் ஒன்றே. அதனிடம் பேசினாலோ நம் சொற்களே நமக்குத் திரும்பி வருகின்றன. உரையாடல் போல் தோன்றும் அது எதிரொலியே. வாயிருந்தும் பேசாத சிலைகளைத் திருப்பாடல் ஆசிரியர் இகழ்ந்தார்; நம் காலத்துச் சிலைகள் பேசுகின்றன, ஆயினும் நம் குரலிலேயே பேசுகின்றன.

இரண்டாவது, சிற்றில் ஊர்ப்பிள்ளைகள் கூடும் தெருவில் கட்டப்படுவது. எவனோ ஒரு குறும்பன் வந்து காலால் சிதைப்பான். சினமும் கெஞ்சலும் சமரசமும் அங்கே பிறக்கும். சிதைக்கப்படக்கூடியதாய் இருந்தமையால்தான் அவ்விளையாட்டு வாழ்க்கைக்குப் பயிற்சியாயிற்று. திரைக்குள் இருக்கும் வீட்டைச் சிதைக்க வருவார் யாருமில்லை. சேர்ந்து கட்ட வருவாரும் இல்லை.

இறவாமை என்னும் குறை

தமகோச்சியையும் அதன் வழித்தோன்றல்களையும் ஒப்பிடின் ஒரு மாற்றம் புலனாகும். முதல் பொம்மை இறந்தது. அதற்காக அழுத குழந்தைகள் பலர். 'குழந்தைக்கு இத்துயர் ஏன்?' என்று பெற்றோர் குறைகூறினர். ஆனால் அவ்விறப்பில் ஒரு நேர்மை இருந்தது: பேணாதது வாடும், வாடியது மீளாது. டாம் பூனையோ இறப்பதில்லை. ஒரு திங்கள் மறந்திருந்து திரும்பினாலும் அழுக்கேறிச் சோர்ந்து நிற்கும். குளிப்பாட்டி ஊட்டினால் முன்போலவே சிரிக்கும்.

இது மன்னிப்பு அன்றோ என வினவலாம். அன்று. மன்னிப்பு என்பது காயமுற்றவர் தரும் கொடை. காயமே அடையாத ஒன்று எதை மன்னிக்கும்? ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளர் தீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் 'மலிவான அருள்' என ஒன்றைச் சாடினார். மனமாற்றமும் சிலுவையும் இன்றிப் பெறத்தக்கதாகக் கற்பிக்கப்படும் அருள் அது. இவ்விளையாட்டுகள் தருவதை மலிவான அன்பு எனலாம். இங்கே உறவுக்கு விலையில்லை, புறக்கணிப்புக்கும் விளைவில்லை. தந்தை வீட்டுக்குத் திரும்பிய இளைய மகன், தான் இல்லாத நாட்களில் தந்தை எதுவுமே உணரவில்லை என்று கண்டிருந்தால், அவ்விருந்துக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? தொலைவில் வரும்போதே அவர் கண்டுகொண்டார் என்பது அவர் வழிபார்த்திருந்தார் என்பதன் அடையாளம். காத்திருந்த வேதனையே அம்மகிழ்ச்சியின் ஆழம்.

இவ்வகையில் சற்றே மேம்பட்ட ஒன்றையும் குறிப்பிடுதல் நடுநிலையாகும். 2014இல் ஜப்பானின் ஹிட்-பாயிண்ட் நிறுவனம் வெளியிட்ட 'நேகோ அட்சுமே' என்னும் விளையாட்டில், முற்றத்தில் உணவும் விளையாட்டுப் பொருளும் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூனைகள் தம் விருப்பப்படி வரும், விருப்பப்படி போகும். அவற்றைக் கட்டாயப்படுத்த இயலாது. எளிய விளையாட்டேயாயினும், அன்பு செய்யப்படுவது நம் உடைமையன்று என்னும் உண்மையின் நிழல் அதில் விழுகிறது. கருவியே தீயதன்று, அதனைப் படைப்பவரின் பார்வையே அதன் பண்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இஃதொரு சான்று.

யாருக்கு யார் ஊட்டுவது?

விலையின்றித் தரப்படும் பொருளுக்கு விலை வேறெங்கோ கொடுக்கப்படுகிறது. பூனைக்கு உணவு வாங்க நாணயங்கள் வேண்டும். அவற்றைச் சிறு போட்டிகள் ஆடிச் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். அல்லது ஒரு விளம்பரத்தை முழுதும் பார்த்துப் பெறலாம். பள்ளி முடிந்து வந்த குழந்தை, பூனையின் பசியாற்ற விளம்பரம் பார்த்து அமர்ந்திருக்கும் காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பூனைக்கு ஊட்டுவதாக அது நம்புகிறது. உண்மையில் அதன் நேரமும் கவனமும் வேறொருவருக்கு ஊட்டப்படுகின்றன. ஒரு குழந்தையின் இரக்கமே அங்கே சந்தைப் பொருளாகிறது. இப்படைப்பின்மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுவே. பேராசையைத் தூண்டி விற்பது வணிகத்தில் புதிதன்று. இரக்கத்தைத் தூண்டி விற்பது புதிது.

விளையாட்டை மூடிய பின்னும் அழைப்பு ஓய்வதில்லை. 'உன்னைக் காணாமல் ஏங்குகிறேன்' என்னும் பொருள்பட அறிவிப்பு வந்து ஒலிக்கும். திரும்பி வருவோரின் எண்ணிக்கையே வருவாயை நிர்ணயிப்பதால், ஏக்கமும் கணக்கிட்டு அனுப்பப்படுகிறது. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் வேலி அமைக்கலாம். வேலிக்குள் எதைப் பயிரிடுவது என்பதைக் குடும்பமே முடிவுசெய்ய வேண்டும்.

முக்கூடலின் கல்வெட்டு

காஞ்சிப் பட்டுநெசவின் சிறப்புகளுள் ஒன்று கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாய் இணையும் அந்நெசவைத் தனியொருவர் செய்தல் அரிது. நெய்பவர் ஒருவர், கரைநாடாவைச் செலுத்தும் துணைவர் ஒருவர் என இருவர் தறியில் அமர்வது மரபு. ஒருவர் கை தாமதித்தால் மற்றவர் கை காத்திருக்கும். அத்துணைவராய் ஒரு காலத்தில் சிறுவரே பலர் அமர்ந்தனர். பள்ளியையும் பால்யத்தையும் இழந்தனர். அந்நிலை மாறியது நன்றே. பழையதை எண்ணி ஏங்குவது என் நோக்கமன்று. ஆனால் தறியினின்று விடுபட்ட பிள்ளை, பெற்றோர் தறியில் இருக்கும் மாலைப் பொழுதில் எதன் அருகில் அமர்கிறது என்பதே கேள்வி. துணை என்பது ஒருவர்க்காக மற்றவர் காத்திருத்தல் என்னும் பாடத்தை, காத்திருக்கவே வேண்டாத ஒரு பூனையிடம் அது கற்க இயலுமா?

காஞ்சிக்கு அணித்தே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோவில் சுவரில், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அங்கு இயங்கிய கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஆதுலர் சாலை ஆகியவற்றின் செலவுக் கணக்கை அது விரிவாகக் கூறுகிறது. வீரசோழன் என்னும் பெயர் தாங்கிய அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் எனப் பணியாளரும் அவர்தம் கூலிநெல்லும் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளன. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததை அறிந்த நாம், இக்கல்வெட்டின்முன் மரியாதையோடு நிற்கலாம்.

அதனை ஓர் இலக்கியமாகப் படித்தால் தோன்றுவது யாது? பேணுதல் என்பது ஒரு செலவு. அதற்கு நெல் வேண்டும், படுக்கை வேண்டும், மூலிகை தேடி நடக்கும் கால்கள் வேண்டும், நோயாளியின் அருகிலிருக்கும் கைகள் வேண்டும். உணர்ச்சிச் சொல் ஒன்றும் இல்லாத அக்கணக்கு, அன்பின் மெய்யான மொழி எது என்பதைக் காட்டுகிறது. கைப்பேசி விளையாட்டிலோ உணர்ச்சி நிரம்ப உண்டு. கணக்கில் செலவு மட்டும் இல்லை. பொத்தானை அழுத்தியதும் நோய் தீர்கிறது. உண்மையான நோயாளி ஒருவரை இரவெல்லாம் பார்த்திருந்தவர் அறிவார்: மருந்து கொடுத்த பின்னும் வலி இருக்கும், நன்றி வராது, சில வேளைகளில் எரிச்சலே வரும். ஆயினும் மறுநாளும் அங்கே அமர்ந்திருப்பதே அன்பு. பொத்தான் அழுத்திப் பழகிய உள்ளம், படுக்கையில் கிடக்கும் பாட்டியிடம் உடனடிப் புன்னகை கிடைக்காதபோது சலிப்புறுமாயின், அதுவே இவ்விளையாட்டின் மறைவான இழப்பு.

பேசத் தொடங்கிய பொம்மைகள்

எதிரொலித்த பூனையின் காலம் கடந்து, விடை சொல்லும் துணைகளின் காலம் வந்துவிட்டது. 1966இல் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், கேட்பவரின் சொற்களையே வினாவாக்கித் திருப்பும் 'எலிசா' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். அது வெறும் நிரலென அறிந்தவரும் அதனிடம் மனம் திறந்து பேசியது கண்டு அவரே அதிர்ச்சியுற்று, பின்னாளில் இத்தகைய மயக்கத்துக்கு எதிராக எழுதினார். இன்றோ செயற்கை நுண்ணறிவு கொண்டு தோழனாகவும் தோழியாகவும் உரையாடும் செயலிகள் பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றான 'ரெப்ளிகா'வுக்கு, சிறாரைக் காக்கப் போதிய ஏற்பாடு இல்லை என்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 பிப்ரவரியில் தடை விதித்தது.

திருச்சபை இதனைக் கவனியாதிருக்கவில்லை. 2025 சனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் ஏடு, செயற்கை நுண்ணறிவை மனிதராகத் தோன்றச்செய்வது குழந்தைகளின் வளர்ச்சிக்கு ஊறு விளைக்கலாம் என்றும், உறவுகளைப் பண்டமாற்றாகக் காணும் பழக்கத்தை ஊட்டலாம் என்றும் எச்சரிக்கிறது. திருத்தந்தை பிரான்சிசு 2024 அக்டோபரில் வழங்கிய 'திலெக்சித் நோஸ்' என்னும் திருமடல், தாயோடும் பாட்டியோடும் சேர்ந்து பலகாரத்தின் ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி மூடிய சிறுவயது நினைவை எந்தக் கணிப்பு நிரலாலும் தாங்க இயலாது என்னும் பொருளில் பேசுகிறது. உயர்ந்த இறையியலை அவர் அடுக்களையிலிருந்தே எடுத்துரைத்தது எண்ணத்தக்கது.

செய்யத்தக்கது

கைப்பேசியைப் பிடுங்குவதால் மட்டும் பசி தீராது. பசிக்கு உணவு தர வேண்டும். குழந்தையின் கையில் ஒரு தொட்டிச்செடியோ கோழிக்குஞ்சோ கொடுத்து, நீ நீர் ஊற்றாவிடில் அது வாடும் என்னும் பொறுப்பையும் உடன் கொடுக்கலாம். வாடினால் துக்கப்படட்டும், அத்துக்கமும் ஒரு கல்வியே. 1833இல் ஃபிரடெரிக் ஓசானாமும் அவர்தம் தோழர்களும் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் உயிர்நாடி, ஏழையரின் இல்லங்களை நேரில் சென்று காண்பது. நம் பங்குகளில் அச்சபையினர் செல்லும்போது, ஒரு சிறுவனையோ சிறுமியையோ உடன் அழைத்துச் சென்றால் என்ன? நோயாளிக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது வீட்டார் தம் பிள்ளையை அறைக்கு வெளியே நிறுத்தாது உள்ளே அழைத்தால் என்ன? பேரனின் திரைப்பூனைக்கு ஒரு பெயர் இருப்பது போல, அடுத்த தெருவில் தனித்திருக்கும் மூதாட்டிக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அவன் அறியட்டும்.

லூக்கா நற்செய்தியில் வரும் இலாசர், செல்வனின் வாயிலில் கிடந்தான். செல்வன் அவனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ உவமை கூறவில்லை. கவனியாது கடந்தான், அவ்வளவே. இலாசரிடம் அழைப்பொலி எழுப்பும் கருவி இல்லை. அவன் பசி யாருடைய கைப்பேசியிலும் ஒளிராது. இன்று நம் இல்லங்களில், பசியறியாத பூனைகள் பசியென்று நாள்தோறும் பலமுறை அழைக்கின்றன. பசியறிந்த மனிதர் மௌனமாய் வாயிலில் இருக்கின்றனர். ஒலிக்கும் பசிக்குச் செவிகொடுத்துப் பழகிய தலைமுறைக்கு, ஒலிக்காத பசியைக் காணக் கற்பிப்பதே பெற்றோரும் மறையாசிரியரும் ஆற்றவேண்டிய பணி.

மனிதரை மீட்க விரும்பிய இறைவன் தம் உருவத்தின் நிழலை அனுப்பவில்லை. பசிக்கும் வயிறும் களைக்கும் கால்களும் காயமுறும் கைகளும் கொண்ட உடலையே ஏற்றார். இறுதித் தீர்ப்பின் நாளில் தாம் பசித்திருந்ததாக அவர் சொல்லும்போது, அப்பசி மெய்யானதாய் இருக்கும்.